அடுத்தது உண்டா

இ.ம.சூ.

கீழ்வேளூர்
22.7.2001

அன்புள்ள அக்காவுக்கு,

விண்ணரசி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எண்ணெய் தேய்த்ததில் கொஞ்சம் தேவலை. சிங்கப்பூர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கிறார். காலையில் வெறும் டீயோடு ஓடாதே என்று எழுதச் சொன்னார்.

நீ கொடுத்தனுப்பிய, குரலைப் பதிவு செய்யும் பெட்டியைக் கிளமென்ட் மாமா போன வாரம் கொண்டுவந்து தந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கிறது. அப்பா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ளயா நம்ம பொண்ணு எழுதினது இருக்கு?" என்று கேட்டார். அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் கெஞ்சி வாங்கினேன்.

மதிவதனியை உனக்கு நினைவிருக்கிறதா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோவிந்தராசு மாமாவின் மகள். நான்கு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. இப்போது பள்ளி விடுதியில் தங்கி, பிளஸ் டூவில் என் பக்கத்தில் உட்காருகிறாள். எங்கள் பள்ளியில் பிரெயில் புத்தகம் இல்லாததால் பாடங்களை நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். போன வருடம் டேப்ரிக்கார்டரில் பதிவு செய்து கொடுத்தேன். ஒரு பாடத்தைத் தேடி நாடாவை முன்னும் பின்னும் ஓட்டியதில் அது சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி எங்களுக்கு விரல் வலித்ததுதான் மிச்சம்.

அவளுக்குப் பரீட்சையில் பாஸாவது மட்டும் போதாதாம். "யாரும் வந்து உக்காந்து வாசிக்காம, எனக்கு வேணுங்கிற பாடத்தை வேணுங்கிற நேரத்துல நானே எடுத்துப் படிக்கணும். ஒரு தடவையாவது" என்கிறாள். பிப்ரவரியில் படிப்பு விடுமுறை விட்டால் அவள் ஊருக்குப் போய்விடுவாள். அங்கே வாசித்துக் காட்ட ஆளில்லை. அதற்குள் எல்லாப் பாடத்தையும் பெட்டிக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு பதிவின் தொடக்கமும் கொஞ்சம் கேட்கிறது. இன்னொரு முறை அழுத்தினால் அடுத்தது. கடைசியில் ஒரு பெண் குரல் "எண்ட் ஆஃப் லிஸ்ட்" என்கிறது. மதி அந்தக் குரலில் பேசிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைக்கிறாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரிகிறது, அக்கா? உனக்கு நேரமிருந்தால் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
விண்ணரசி


சிங்கப்பூர்
8.8.2001

அன்பு விண்ணு,

நான் நலம். டீயோடு ரொட்டியும் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல். அப்பா வயல் வேலையில் மருந்தடிக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொள்.

நீ கேட்டது நான் எழுதிய பகுதியைத்தான். இங்கே எட்டுப் பேர் சேர்ந்து அந்தப் பெட்டியைச் செய்தோம். பதிவுகள் சேரும் மெமரி கார்டு ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது; அந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலை முழுக்க என்னுடையது. அதனால் பெருமையோடு சொல்கிறேன்.

கார்டின் ஓரிடத்தில் வரிசை வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அதற்கு டைரக்டரி என்று பெயர். ஒவ்வொரு பதிவும் ஒரு ஃபைல், ஒரு ஃபைலுக்கு ஒரு வரி. அந்த வரியில் ஃபைலின் பெயர், அது கார்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரியது என்று இருக்கும். பாடம் அங்கே இல்லை, பாடம் இருக்கும் இடம்தான் அங்கே இருக்கிறது. பெட்டிக்கு ஞாபக சக்தி மிகவும் குறைவு. எல்லாப் பெயரையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. அதனால் என் புரோகிராம் டைரக்டரியைத் திறந்து முதல் வரியை மட்டும் படிக்கும். நீ பொத்தானை அழுத்தினால், "அடுத்தது உண்டா?" என்று கேட்டு அடுத்த வரிக்குப் போகும். எந்த வரியில் நிற்கிறோம் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். மொத்தம் எத்தனை என்று அதற்கு முன்கூட்டியே தெரியாது. இனி இல்லை என்று தெரிகிற இடம் வரை போய்க்கொண்டே இருக்கும்.

விளங்கியதா? விளங்காவிட்டால் மறுபடி கேள். இதைக் கேட்க இங்கே யாருமில்லை.

மதிக்கு என் அன்பு. அப்பா அம்மாவுக்கு முத்தங்கள்.

பிரின்ஸி


இ.ம.சூ.

கீழ்வேளூர்
16.9.2001

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா தயவால் அனைவரும் நலம். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு இந்த முறையும் நடந்தே போனோம். உனக்காக அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார்.

உன் கடிதத்தை மதிக்கு வாசித்தேன். கேட்டு முடித்ததும், "அப்ப அதுவும் என்னை மாதிரிதான். வரிமேல விரல் வச்சு, ஒவ்வொண்ணாத் தொட்டுப் படிக்குது. கண்ணு தெரியிறவங்க மாதிரி பக்கம் பூராவும் ஒரே மூச்சுல பாக்கலை" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெட்டிமேல் தனி மரியாதை.

ஒரு விஷயம் கவனித்தேன். பத்து பாடம் பேசி முடித்த பிறகு, மூன்றாம் பாடத்தை அழித்துவிட்டுப் பதினோராம் பாடத்தைப் பதிவு செய்தேன். அது கடைசியில் வரவில்லை. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் வந்து நின்றது. அழித்த ஃபைலின் வரி காலியாகிவிட, புதியது அங்கே போய் உட்கார்ந்துவிட்டது, சரியா? நட்ட வயலில் ஒரு நாற்று செத்த இடத்தில் அம்மா வேறொன்றை ஊன்றிவிட்டு வருவாரே, அதைப் போல. நானாக யோசித்தது. தப்பென்றால் சொல்.

இப்படிக் கலைந்து வருவதால், நீ அனுப்பிய வயரை மாட்டிப் பள்ளிக் கம்ப்யூட்டரில் பாடங்களை ஒழுங்குபடுத்தப் போகிறேன். கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பான ரஹ்மத் பீவி டீச்சர் அனுமதி தந்துவிட்டார். வரலாறு, புவியியல், பொருளியல், தமிழ் என்று தனித்தனி ஃபோல்டர் திறந்து, வரிசைப்படி ஒவ்வொரு பாடமாக உள்ளே அடுக்குவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
விண்ணரசி


சிங்கப்பூர்
1.10.2001

அன்பு விண்ணு,

நான் நலம். இங்கே மழை தொடங்கிவிட்டது. அம்மாவை ஈரத் தரையில் உட்கார விடாதே.

நீ நினைத்தது நூற்றுக்கு நூறு சரி. உன் நாற்று விளக்கத்தை ஆபீசில் ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்று நடுவதைப் பார்த்திராதவர்களுக்கும் விளங்கிவிட்டது. அழித்த வரி உண்மையில் அழிவதில்லை. பெயரின் முதல் எழுத்தின்மேல் மட்டும் ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறியைக் கண்டால் என் புரோகிராம் தாண்டிப் போகும்.

பெட்டி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. என் பகுதியில் ஒரு குறையும் இல்லை என்று மேலதிகாரி கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொன்னார். அப்பாவிடம் சொல். ஜனவரியில் முதல் இருநூறு பெட்டிகள் வெளியே போகின்றன.

பிரின்ஸி


இ.ம.சூ.

கீழ்வேளூர்
4.11.2001

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அடைமழை பிடித்துக்கொண்டதால் அப்பா மண்வெட்டியும் கையுமாக வரப்பிலேயே இருக்கிறார்.

நீ எழுதியதை அப்பாவுக்கு வாசித்தேன். டீக்கடை, சொசைட்டி, கோயில் வாசல் எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. அதனால் இப்போது நான் எழுதப்போவதை அப்பாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பெட்டி பேசவில்லை, அக்கா.

நான்கு ஃபோல்டரையும் கம்ப்யூட்டரில் திறந்து பாடங்களை அடுக்கினேன். திரையில் எல்லாம் இருக்கின்றன. டீச்சரும் பார்த்தார். வயரைக் கழற்றி மதி கையில் கொடுத்தேன். வரலாறு ஃபோல்டருக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். உடனே "எண்ட் ஆஃப் லிஸ்ட்." புவியியலுக்குப் போனாள், அதே பதில். நான்கிலும் அதே. மதி சிரிக்கவில்லை. "உள்ள இருக்கா இல்லையா, ஒழுங்காச் சொல்லு" என்று என்னைத்தான் கேட்டாள்.

நான் என்ன செய்ய வேண்டும்?

விண்ணரசி


சிங்கப்பூர்
20.11.2001

அன்பு விண்ணு,

நலம்.

கார்டில் கோளாறு இருக்கலாம், அல்லது வேலை முடியும் முன்பே நீ வயரைப் பிடுங்கியிருப்பாய். புது கார்டு ஒன்று இதோடு அனுப்புகிறேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து, நிதானமாகச் செய். பெட்டியில் பிழை இருக்க வாய்ப்பில்லை. நாங்கள் பல மாதம் சோதித்தது.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

பிரின்ஸி


இ.ம.சூ.

கீழ்வேளூர்
9.12.2001

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் கடிதம் மிகவும் சின்னதாக இருந்ததால் உனக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று அம்மா பயந்துவிட்டார். நான் இரண்டு வரி சேர்த்து வாசித்துவிட்டேன்.

புது கார்டிலும் நிதானமாகவே செய்தேன். டீச்சர் சரி என்று சொன்ன பிறகுதான் வயரைக் கழற்றினேன். அதே "எண்ட் ஆஃப் லிஸ்ட்."

பெட்டியை மதி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பரவாயில்லடி. நீ வாசி, நான் கேட்டுக்கறேன். பழகினதுதானே" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிப்ரவரி முதல் வாரத்தில் விடுமுறை விடுகிறார்கள்.

நீ எழுதியதில் பிழை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நானும் பிழை செய்யவில்லை.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

விண்ணரசி


கீழ்வேளூர்
28.12.2001

அன்பு மகள் பிரின்ஸிக்கு அப்பா ஜேசுராஜ் எழுதிக்கொண்டது. உன் அம்மா ஃபிளோராவும் நானும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு ஒவ்வொரு நாளும் செபிக்கிறோம்.

திருநாள் நல்லபடியாக நடந்தது. உன் பெட்டி வீட்டில் சும்மாதான் கிடந்தது. சின்னவளைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கோவித்துக்கொள்ளாதே. அதிலேயே புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தி, பாடல் குழுவின் நாலு பாட்டையும் பிடித்தேன். பூசை முடிந்ததும் வாசலில் வைத்துப் போட்டுக் காட்டினேன். ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று நாலும் வரிசையாக வந்தது. சனம் சுற்றி நின்றுவிட்டது. நம்ம சாமிதுரை, "இது எந்த ஊரு சாமான், ஜப்பானா?" என்று கேட்டான். "கீழ்வேளூருடா" என்றேன்.

சின்னவள் முகம்தான் சரியில்லை. கேட்டால் படிப்பு என்கிறாள். உன் கடிதமும் வரவில்லை. உங்கள் ரெண்டு பேருக்குள் ஏதாவது இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சம்பா கதிர் நன்றாக முற்றியிருக்கிறது. பொங்கலுக்குள் அறுத்துவிடுவோம்.

அன்பு அப்பா,
அ. ஜேசுராஜ்


சிங்கப்பூர்
9.1.2002

அன்பு விண்ணு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

அப்பாவின் கடிதம் நேற்று வந்தது. படித்தபிறகு வேலை ஓடவில்லை. பெட்டியிலேயே திறந்த ஃபோல்டரில் நாலு பாட்டும் ஒழுங்காக வருகிறது. நீ கம்ப்யூட்டரில் திறந்த ஃபோல்டரில் ஒன்றுகூட வருவதில்லை. அப்படியானால் கார்டு நல்ல கார்டு. உன் கையும் நல்ல கை. பல மாதம் சோதித்தது என்று எழுதினேன். உன்னைப் போல ஒருத்தி செய்யக்கூடிய எதையோ நாங்கள் சோதிக்கவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்ததிலிருந்து வயரைக் கழற்றியது வரை நீ என்னென்ன செய்தாய்? ஒன்று விடாமல் எழுது. அற்பமானது என்று எதையும் தள்ளாதே. இருநூறு பெட்டியும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. மாதக் கடைசியில் கப்பலேறும். சீக்கிரம் எழுது.

பிரின்ஸி


இ.ம.சூ.

கீழ்வேளூர்
18.1.2002

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பொங்கல் முடிந்தது. அறுப்பும் முடிந்தது.

நீ கேட்டபடி நான் செய்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஃபோல்டர் திறந்தது, பெயர் அடித்தது, முதல் பாடத்தைப் போட்டது, இரண்டாவதைப் போட்டது என்று எல்லாம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதை மதிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஒண்ணை விட்டுட்டே" என்றாள்.

"எதை?"

"நீ எதை எழுத ஆரம்பிச்சாலும் முதல்ல பேனா சின்னதா மூணு தடவை கீறும். அப்புறம் கொஞ்சம் சும்மா இருக்கும். அதுக்கப்புறந்தான் ஓடும். இந்தத் தாளுலயும் அப்படித்தான் கேட்டுச்சு. என்னது அது?"

"இயேசு மரி சூசைடி. எல்லாத்துக்கும் மேல போடுறதுதான்."

"கம்ப்யூட்டர்லயும் போட்டியா?"

போட்டிருந்தேன், அக்கா. ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்ததும் முதல் வேலையாக ஒரு புது ஃபைல் உண்டாக்கி, நம் மூன்று எழுத்தையும் இங்கிலீஷில் அதற்குப் பெயராக அடித்தேன். பிறகுதான் பாடத்தைப் போட்டேன். அந்த ஃபைலுக்குள் ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது, பெயர்தானே முக்கியம். அதை நான் மறைக்கவில்லை. பரீட்சைத் தாளின் தலையில் போடும் குறியை யாரும் ஒரு விடையாக எண்ணுவதில்லை அல்லவா? அதைப் போலத்தான் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

சாப்பிட்ட கையைச் சரியாகக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினோம். புவியியலில் மட்டும் அந்த ஃபைலை எடுத்துவிட்டுப் பெட்டியை மதியிடம் கொடுத்தேன். என் குரல் வந்தது. "முதல் பாடம், இந்தியாவின் அமைவிடம்." ரஹ்மத் பீவி டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

மதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கப்பாகிட்ட சொன்னா, சாமி பேரைப் போட்டாப் பெட்டியே நின்னுபோகுதுன்னு செங்கொடி பிடிச்சு ஊர்வலம் போவாரு" என்றாள். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல், அக்கா. அந்தப் பெயரைப் போட்டதில் ஏதாவது தப்பு உண்டா? மற்ற மூன்று ஃபோல்டரிலும் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. உன் பதில் வந்ததும் செய்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் மதி ஊருக்குப் போகிறாள்.

விண்ணரசி


சிங்கப்பூர்
26.1.2002

அன்பு விண்ணு,

நான் சுகம். உண்மையாகவே சுகம். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், மதி புறப்படுமுன் உன் கைக்கு வர வேண்டும்.

பெயரில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நான் எழுதிய ஒரு வரியில். டைரக்டரி முடிந்துவிட்டதா என்பதைப் பெயர் இருக்கும் கட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் முடிந்தது. நான் பெயரைப் பார்க்காமல் அளவைப் பார்த்தேன். அளவு சைபர் என்றால் இனி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டேன். ஃபோல்டர்களுக்கு வேறு அடையாளம் உண்டு, அதனால் அவை தப்பித்தன. பாடமோ பாட்டோ சைபராக இருக்காது, அதனால் சோதனையிலும் மாட்டவில்லை. பெயர் இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல், அதுவும் முதல் வரியிலேயே வரும் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் எல்லாத் தாளிலும் அந்த மூன்று எழுத்தைப் போட்டவள்தான்.

உன் கடிதம் வந்த அன்றே கூட்டத்தில் சொன்னேன். கப்பலை நிறுத்த வேண்டும் என்றேன். மேலதிகாரி, "வெறும் ஃபைலை யார் உள்ளே போடுவார்கள்?" என்று கேட்டார். "என் தங்கை" என்றேன். "அவளுக்குக் காரணம் இருக்கிறது. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஏதாவது காரணம் இருக்கும்" என்றேன்.

இருநூறையும் திறந்து திருத்துகிறோம். இனி எங்கள் சோதனைகளில் முதல் சோதனை உன்னுடையது. பெயர் மட்டும் உள்ள ஒரு ஃபைல், முதல் வரியில். அதற்கு ஆபீசில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கீழ்வேளூர் சோதனை. எங்கள் சீனத் தோழிக்கு "ழ்" வரவில்லை, ஆனாலும் விடாமல் சொல்கிறாள். அப்பாவிடம் சொல்.

உன் பெட்டிக்கு இப்போது நான் ஒன்றும் செய்ய முடியாது. நீ அந்த ஃபைல்களை எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே ஒரு சொல்லாவது எழுதிச் சேமி. அளவு சைபராக இல்லாவிட்டால் போதும், அது குரல் பதிவு இல்லை என்று கண்டு புரோகிராம் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். என்ன சொல் என்பது உன் விருப்பம்.

மதியிடம் சொல், என் பெட்டியில் யாரும் பார்க்காததை அவள் கேட்டிருக்கிறாள்.

உன் அக்கா,
பிரின்ஸி


இ.ம.சூ.

கீழ்வேளூர்
24.2.2002

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். அறுத்த வயலில் தெளித்த உளுந்து இரண்டு இலை விட்டிருக்கிறது. உன் கடிதத்தை அப்பா சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். பிழை நடந்ததைத் தணிவாகவும் கப்பல் நின்றதைச் சத்தமாகவும் சொல்கிறார். "எம்பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா, கப்பலே நின்னுபோச்சுய்யா."

நீ சொன்னபடி மூன்று ஃபைலிலும் எழுதினேன். புவியியலிலும் மறுபடி போட்டு எழுதினேன். என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நான்கு ஃபோல்டரும் பேசின. அடுத்த நாள் மதி பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் அப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து ஊருக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு எனக்கு வீட்டில் படிப்பு ஓடவில்லை. சத்தமாக வாசித்தே பழகிவிட்டது. அவள் என்ன செய்கிறாளோ, பெட்டி மறுபடி நின்றுபோயிருக்குமோ என்று கவலை வேறு. நேற்று புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டி நடந்தேன். ஒரு நாள் முழுக்க அவளுக்கு வாசித்துவிட்டு வரலாம் என்று எண்ணம்.

வாசலில் அவளுடைய அம்மா அம்சம் அத்தை நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா வா தங்கம். உள்ள படிக்குது."

உள்ளே என் குரல் கேட்டது. பொருளியல், நான்காம் பாடம். பஞ்சாயத்து ரேடியோ பேசுவது போலக் கொஞ்சம் மூக்கால் பேசுகிறேன், இனி மாற்றிக்கொள்ள வேண்டும். திடீரென்று அது நின்றது. அந்த இடத்திலிருந்து மதி சொந்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் தடுமாறினாள். பொத்தான் சத்தம், என் குரல், மறுபடி பொத்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்து, கடைசி வரை சொல்லி முடித்தாள்.

நான் நிலைப்படியில் கால் வைத்தேன்.

"யாரு, விண்ணுவா?" என்றாள், திரும்பாமல்.

"ஆமாடி. பரீட்சை வருதே, கொஞ்சம் வாசிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இப்ப வேண்டாம். இன்னும் ரெண்டு பாடம் கிடக்கு. சாயங்காலமா வா, பேசலாம்."

"நான் வேணும்னா அந்த ரெண்டையும் வாசிக்கறேனே."

"அதான் வாசிச்சுக்கிட்டிருக்கியே" என்றாள். பொத்தானை அழுத்திவிட்டாள்.

அம்சம் அத்தை சிரித்துக்கொண்டே மோர் கொடுத்தார். குடித்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பினேன். தெருமுனை வரைக்கும் என் குரல் கேட்டது.

உனக்கும் உன் தோழிக்கும் எங்கள் எல்லோரின் அன்பும்,
விண்ணரசி